பக்கத்துக் கட்டிலுக்குத் தெரியும் திரை

விடியற்காலையில் மூர்மார்க்கெட்டிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பும் மின்ரயிலில், எண்ணூர் தாண்டும்வரை பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள். செல்போன்கள் தூங்குவதில்லை. மடியிலும் சட்டைப் பையிலும் டிபன் பையின் மேலும் கிடக்கும் அவை அடிக்கடி விழித்து, ஒரு வரியைக் காட்டிவிட்டு அணைகின்றன. பக்கத்தில் இருப்பவருக்கு எட்டிப் பார்க்கும் குணம்கூட வேண்டாம், தானாகவே கண்ணில் பட்டுவிடும். மீஞ்சூர் வருவதற்குள் ஒருவருக்குத் தவணை தவறியிருப்பதும் இன்னொருவர் வீட்டில் சிலிண்டர் தீர்ந்துபோனதும் பெட்டிக்கே தெரிந்த விஷயமாகிவிடும்.

வெளிச்சம் வந்ததும் படங்கள் தெரியும். குழந்தை, மனைவி, விஜய், அஜித், அம்பேத்கர், வேளாங்கண்ணி மாதா. இந்தத் தடத்துக்கே உரிய படம் ஒன்றும் உண்டு: சிறுவாபுரி முருகன். சொந்த வீடு அமையவேண்டும் என்று வேண்டிக்கொள்பவர்கள் செவ்வாய்க்கிழமைகளில் அந்தக் கோவிலுக்குப் போகிறார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரே அறையில் ஆறேழு பேராகத் தங்கி வேலை செய்யும் ஒருவருக்கு, தன் விருப்பப்படி அலங்கரித்துக்கொள்ள இருக்கும் ஒரே சுவர் அந்தக் கையகலத் திரைதான். வீடு கேட்டு வேண்டிக்கொண்ட முருகனை அதில் மாட்டி வைத்திருப்பதைப் பார்த்து, 'படத்தை எடுத்துவிட்டுக் கறுப்பாக வை, பேட்டரி மிச்சமாகும்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொன்னாலும் பெரும்பாலும் அது தவறான ஆலோசனை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பூட்டுத்திரையை எப்படி அழகாக்குவது, அந்தரங்கத்தை எப்படிக் காப்பது, சார்ஜை எப்படி மிச்சம் பிடிப்பது என்று சொல்லும் குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றைப் படித்தால் எழுதியவர் தனியறையில் தூங்குகிறவர், கைக்கெட்டும் தூரத்தில் பிளக் பாயிண்ட் இருப்பவர், விலையுயர்ந்த செல் வைத்திருப்பவர் என்பது விளங்கும். திருவள்ளூர் மாவட்டத்தின் தொழிற்பேட்டைகளில், கும்மிடிப்பூண்டியின் உருக்காலைகளிலிருந்து தேர்வாய்க்கண்டிகை, காக்களூர் வரை, கணக்கு வேறு. இங்கே உளவு பார்ப்பவன் எங்கோ உட்கார்ந்திருக்கும் ஹேக்கர் அல்ல, பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவர். பேட்டரியைத் தின்பதும் பெரும்பாலும் படம் அல்ல.

பூட்டு என்ற சொல்லே செல்போனில் பொருள் மாறி வந்தது. நோக்கியா காலத்தில் கீபேட் லாக் என்பது திருடனுக்கான பூட்டு அல்ல, பைக்குள் பட்டன் அமுங்கி யாருக்காவது கால் போய்விடாமல் இருக்க வைத்தது. அன்லாக் அழுத்தி நட்சத்திரத்தை அழுத்தினால் யாரும் திறக்கலாம். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி 2014 நவம்பரில் மூடிய நோக்கியா ஆலையிலிருந்து வெளியே போன செல்களில் பெரும்பாலானவை அந்த வகை. 2007-ல் ஐபோன் விரலால் தள்ளித் திறக்கும் திரையைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டு ஒன்பது புள்ளிகளை இணைக்கும் பேட்டர்னைக் கொடுத்தது. 2013-ல் ஐபோனுக்குக் கைரேகை வந்தது, 2017-ல் முகம். 2014-ல் ஆண்ட்ராய்டு 5 அறிவிப்புகளைப் பூட்டுத்திரைமேலேயே கொண்டுவந்து வைத்தபோதுதான் சிக்கல் முழுமையாயிற்று. கதவைப் பூட்டிவிட்டுக் கடிதங்களை வெளித்திண்ணையில் பரப்பி வைத்த கதை.

முதலில் பேட்டரி.

கறுப்புப் படம் சார்ஜை மிச்சப்படுத்தும் என்பது ஓஎல்இடி திரைக்கு மட்டும் உண்மை. அந்தத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது, கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்திருக்கிறது. எல்சிடி திரையில் பின்னால் ஒரு விளக்கு முழுத் திரைக்கும் எரிந்துகொண்டே இருக்கும், படம் கறுப்பாக இருந்தாலும் தங்கக் கவசம் போட்ட முருகனாக இருந்தாலும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். பத்தாயிரம் ரூபாய்க்குக் கீழ் விற்கும் செல்களில் பெரும்பாலானவை எல்சிடி. உங்களுடையது எது என்று அறிய எளிய வழி உண்டு: இரவில் விளக்கை அணைத்துவிட்டு முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்து பாருங்கள். திரை சாம்பல் பூத்தாற்போல் மங்கலாக ஒளிர்ந்தால் எல்சிடி. திரையின் விளிம்பே இருட்டில் கரைந்துபோனால் ஓஎல்இடி.

ஓஎல்இடி வைத்திருப்பவர்களுக்கும் லாபம் விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தினர் 2021-ல் அளந்தபோது, செயலிகளை வெள்ளைப் பின்னணியிலிருந்து கறுப்புக்கு மாற்றுவதால் கிடைத்த மிச்சம், திரை வெளிச்சம் 30 முதல் 50 விழுக்காடு வைத்திருந்தால் வெறும் 3 முதல் 9 விழுக்காடு. வெளிச்சம் முழுதாக வைத்தால்தான் 39 முதல் 47 விழுக்காடு. அதாவது மிச்சம் பெரிதாகத் தெரிவதே வெளிச்சத்தை உச்சத்தில் வைத்தால்தான். மாவட்டத்தின் மேற்கு மூலையில் இருக்கும் திருத்தணி, கத்திரி நாட்களில் தமிழகத்தின் மிகச் சூடான ஊர்கள் பட்டியலில் அடிக்கடி இடம்பிடிப்பது. அந்த வெயிலில் திரை தெரியவேண்டும் என்று வெளிச்சத்தை முழுதாக ஏற்றிவிட்டு, நிழலுக்கு வந்த பிறகும் குறைக்க மறந்துவிடுவதுதான் இங்கே பெரிய செலவு. தானே கூட்டிக் குறைக்கும் வசதியைப் போட்டுவைப்பது எந்த வால்பேப்பரையும்விட அதிகம் சேமிக்கும். சூடும் பேட்டரிக்கு எதிரி. சுற்றுப்புறம் 35 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் ஐபோனைப் பயன்படுத்தவேண்டும் என்கிறது ஆப்பிள். ஃபர்னஸ் பக்கம் நிற்பவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்.

எப்போதும் மணி காட்டிக்கொண்டிருக்கும் திரை வசதியை 2016-ல் கேலக்ஸி எஸ்7-ல் கொண்டுவந்த சாம்சங், அது மணிக்குச் சுமார் 1 விழுக்காடு சார்ஜ் எடுக்கும் என்றது. வீட்டில் இருப்பவருக்கு அது ஒன்றுமில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்குப் போகிறவருக்கு அது பேட்டரியில் எட்டில் ஒரு பங்கு. தொட்டால் மட்டும் மணி காட்டும்படி மாற்றிவைக்கலாம்.

வெளிச்சத்தை விட்டால், உண்மையான சார்ஜ் திருடர்கள் இரண்டு பேர். ஒருவர், அறிவிப்பு வரும்போதெல்லாம் விழிக்கும் திரை. ஷிப்ட் குரூப், சீட்டுக் குரூப், சொந்த ஊர்க் குரூப் என்று மூன்று வாட்ஸ்அப் குழுக்கள் இருந்தால் ஒரு நாளைக்குத் திரை எத்தனை முறை விழிக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம் எரிகிறது. அசையும் வால்பேப்பர் போட்டிருந்தால் செலவு இன்னும் கூடும். அறிவிப்பு வந்தால் திரை விழிக்கவேண்டாம், கையில் எடுத்தால் விழிக்கவேண்டாம், விழித்தாலும் 15 விநாடியில் அணையட்டும் என்ற மூன்று மாற்றங்கள் போதும். படம் அப்படியே இருக்கட்டும்.

இரண்டாவது ஆள் கண்ணுக்குத் தெரியாதவர். பல ஆலைகளில் செல்லை கேட்டிலோ லாக்கரிலோ வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். தகரக் கூரையின் கீழ், இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் செல்லுக்கு டவர் சரியாகக் கிடைக்காது. கிடைக்காத டவரைத் தேடித் தேடி, அதிக வலுவோடு கூவிக் கூவி அது களைத்துப்போகும். ஆரம்பாக்கம் பக்கம் போனால் ஆந்திர டவருக்கும் தமிழ்நாட்டு டவருக்கும் இடையே ஊசலாட்டம் வேறு. எட்டு மணி நேரம் தொடவே தொடாத செல் பாதி சார்ஜோடு லாக்கரிலிருந்து வெளியே வந்தால், 'பேட்டரி வீக்' என்று கடைக்காரரிடம் போவதற்கு முன் ஒரு வாரம் ஏரோபிளேன் மோடில் போட்டு லாக்கரில் வைத்துப் பாருங்கள். எப்படியும் அந்த நேரத்தில் நீங்கள் எடுத்துப் பேசப்போவதில்லை. வீட்டாருக்கு டைம் ஆபீஸ் நம்பரைக் கொடுத்துவைப்பது அதைவிட உருப்படியான ஏற்பாடு.

இனி, சுவரை வாடகைக்கு விட்ட கதை. செல்லை வாங்கிய நாளில் நீங்கள் கேட்காமலே பூட்டுத்திரையில் நடிகை படம், கிரிக்கெட் செய்தி, விளையாட்டு என்று புதுப் புதுப் படங்கள் மாறிக்கொண்டிருந்தால், அது பெங்களூரு இன்மோபி குழுமத்தின் 'கிளான்ஸ்' அல்லது அதைப்போன்ற ஒன்று. ஷாவ்மி, சாம்சங், விவோ, ரியல்மி எனப் பல நிறுவனங்களின் விலை குறைந்த செல்களில் இது முன்பே பதிந்து வருகிறது. 2020 டிசம்பரில் கூகுள் இதில் முதலீடு செய்தது. 2022 பிப்ரவரியில் ஜியோ 20 கோடி டாலர் போடுவதாக அறிவித்தது. கடவுச்சொல்கூடக் கேட்காத ஒரு திரைக்கு இவ்வளவு பணமா என்றால், ஆம். ஒருவர் ஒரு நாளில் எத்தனையோ முறை பார்க்கும் இடம் அது, எந்தச் செயலியையும் திறக்காமலே விளம்பரம் காட்டலாம். ஒப்பந்தம் எழுதாமல் உங்கள் வீட்டு முகப்பில் தட்டி கட்டிவிட்டுப் போவதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. படங்களை இறக்க டேட்டா போகிறது, காட்ட சார்ஜ் போகிறது, எதைத் தொட்டீர்கள் என்ற கணக்கு எங்கோ போகிறது. விடுதியில் நான்கு பேர் நடுவில் செல்லை எடுக்கும் ஒரு பெண்ணின் திரையில், அவர் தேர்ந்தெடுக்காத கவர்ச்சிப் படம் வந்து நிற்பதும் இதன் விலையில் ஒரு பங்கு.

நிறுத்தலாம். ஷாவ்மியில் லாக் ஸ்கிரீன் அமைப்பில் கிளான்ஸ் என்ற பெயரிலேயே இருக்கும். சாம்சங்கில் வால்பேப்பர் சர்வீசஸ் என்பதில் 'நன்' வைக்கவேண்டும். ஓப்போ, ரியல்மியில் லாக் ஸ்கிரீன் மேகசின் என்று இருக்கும். நிறுத்தும்போது 'நிச்சயமாகவா?' என்று இரண்டு தடவை கேட்கும். போடும்போது ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

அழகுக்காகத் தனியே இறக்கிக்கொள்ளும் லாக் ஸ்கிரீன் செயலிகள் இதைவிட மோசம். அவை உண்மையான பூட்டு அல்ல, பூட்டின்மேல் போட்ட திரைச்சீலை. ஆனால் அந்தச் சீலையைத் தொங்கவிட, உங்கள் அறிவிப்புகள் அனைத்தையும் படிக்கும் அனுமதி கேட்கும். அந்த அனுமதிக்குள் வங்கி ஓடிபியும் அடக்கம். பூட்டுத்திரையில் விளம்பரம் போட்டுக் காசு பார்க்கும் பிற செயலிகளுக்கு 2017-ல் பிளே ஸ்டோர் தடை விதித்தது. 2024-ல் வந்த ஆண்ட்ராய்டு 15, அறிவிப்பைப் படிக்கும் வெளிச் செயலிகளுக்கு ஓடிபியை மறைக்கிறது. இங்கே கைகளில் இருக்கும் பழைய செல்களுக்கு அந்தப் பாதுகாப்பு வந்து சேருவதில்லை. செல்லோடு வரும் வசதிகளே அலங்காரத்துக்குப் போதும். கடிகார எழுத்து, படம், நிறம் எல்லாம் அதிலேயே மாறுகின்றன.

பக்கத்துக் கட்டிலுக்கு வருவோம்.

பேட்டர்ன் லாக்கில் சாத்தியமான கோலங்கள் மொத்தம் 3,89,112. நான்கு இலக்கப் பின் எண்ணில் சாத்தியங்கள் பத்தாயிரம்தான். கணக்குப்படி பேட்டர்ன் ஜெயிக்கவேண்டும், மனிதர்களிடம் வந்ததும் தோற்கிறது. நார்வேயில் மார்ட்டே லோகே என்ற மாணவி 2015-ல் சுமார் 4,000 பேட்டர்ன்களை ஆராய்ந்தபோது, 44 விழுக்காடு இடது மேல் மூலையில் தொடங்கின. பலர் தங்கள் பெயரின் முதல் எழுத்தையே போட்டிருந்தார்கள். புள்ளி வைத்துக் கோலம் போடும் நாட்டில் நமக்குக் கற்பனை கூடுதலாக இருக்கும் என்று நம்ப ஆசைதான். ரயிலில் பார்த்தவரை எல், இசட், எம் ஆகிய மூன்றும்தான் ஆட்சி செய்கின்றன.

எட்டிப் பார்த்தால் எது எளிதில் சிக்கும் என்பதையும் சோதித்திருக்கிறார்கள். ஆடம் அவிவ் குழுவினரின் 2017 ஆய்வில், ஆறு புள்ளிப் பேட்டர்னை ஒரே முறை பார்த்த பார்வையாளர்களில் 64 விழுக்காட்டினர் அதை அப்படியே திரும்பப் போட்டுக் காட்டினார்கள். பல முறை பார்க்கவிட்டால் 80 விழுக்காடு. ஆறு இலக்க எண்ணை ஒரு முறை பார்த்துப் பிடித்தவர்கள் 11 விழுக்காடு, பல முறை பார்த்தாலும் 27-ஐத் தாண்டவில்லை. பேட்டர்ன் போடும்போது விரலின் பின்னால் வரும் கோட்டை மறைத்துவைத்தாலே 64 என்பது 35 ஆகிறது. கோட்டை மறைக்கும் வசதி கிட்டத்தட்ட எல்லா ஆண்ட்ராய்டு செல்களிலும் உண்டு. ஒரே அறையில் மாதக்கணக்கில் சேர்ந்து இருப்பவர்கள் ஒரு முறையா பார்க்கிறார்கள்? இதே அவிவ், 2010-ல் திரையில் விரல் விட்டுப்போகும் எண்ணெய்த் தடத்தைப் படம் பிடித்தே பேட்டர்னைக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டியவர். அவருடைய சோதனையில் இருந்தது சாதாரண விரல் பிசுபிசுப்பு. கிரீஸும் கட்டிங் ஆயிலும் படிந்த விரல்களை அவர் பார்த்திருந்தால் ஆய்வு இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும்.

சரி, கைரேகை வைத்துக்கொள்ளலாமே? வார்ப்பாலையில் வேலை செய்பவர் விரலைக் கேட்டுப் பாருங்கள். ரேஷன் கடை எந்திரமே படிக்காத ரேகையைச் செல் எப்படிப் படிக்கும்? ரேகை தேயாதவர்களுக்கு வேறு பயம்: தூங்குபவர் விரலை எடுத்துச் சென்சாரில் வைப்பதற்கு வித்தை ஒன்றும் தேவையில்லை. முகமோ, விலை குறைந்த செல்களில் வெறும் கேமரா பார்க்கும் முகம். நெதர்லாந்து நுகர்வோர் சங்கம் 2019-ல் சோதித்த 110 மாடல்களில் 42, உரிமையாளரின் புகைப்படத்தைக் காட்டியதும் திறந்துகொண்டன. ஆறு இலக்க எண் பழையது, அலுப்பூட்டுவது, ஆனால் விடுதி வாழ்க்கைக்கு அதைவிடச் சிறந்த பூட்டை நான் காணவில்லை. 123456-உம் பிறந்த நாளும் தவிர.

பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அறிவிப்பு மேலே எழுதிக் காட்டிவிட்டால் என்ன பயன்? சம்பளம் ஏறிய எஸ்எம்எஸ், கடன் செயலியின் மிரட்டல், மருத்துவமனை நினைவூட்டல், தொழிற்சங்கக் குழுவின் செய்தி. இந்த நான்கும் சூபர்வைசர், மேன்பவர் ஏஜென்ட், அறைத்தோழர் யார் கண்ணில் பட்டாலும் ஒருவரின் நிலைமை மாறிவிடக்கூடியவை. ஆண்ட்ராய்டில் மூன்று படிகள் உண்டு: எல்லாம் காட்டு, வந்தது என்று மட்டும் காட்டி உள்ளடக்கத்தை மறை, எதுவுமே காட்டாதே. நடுப்படிதான் சரி. முகம் பார்த்துத் திறக்கும் ஐபோன்களில் அது தொடக்கத்திலேயே அப்படித்தான் வருகிறது. விலை குறைந்த செல்காரர் தானே தேடி மாற்றவேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது எல்லாருக்கும்தான். தொடக்க அமைப்பு மட்டும் விலைக்கேற்ப மாறுகிறது.

ஓடிபியை மறைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. செல்லை எடுத்தவன் சிம்மைக் கழற்றி வேறு செல்லில் போட்டால் ஓடிபி அங்கே வரும். சிம்முக்கும் ஒரு பின் வைக்கலாம். ஆனால் நிறுவனம் முதலில் கொடுத்த எண் தெரியாமல் மூன்று முறை தவறாக அடித்தால் சிம் முடங்கி, பியூகே எண் கேட்கும். கடையில் கேட்டுச் செய்யுங்கள். பூட்டிய நிலையிலேயே மேலிருந்து இழுத்து டேட்டாவை அணைக்க முடிகிறதா என்றும் பாருங்கள். முடிந்தால் திருடனும் அணைப்பான், பிறகு செல் எங்கே என்று தேட வழியில்லை. தொலைந்துபோனால் 2023 மே முதல் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண் கொடுத்து முடக்கலாம். *#06# அழுத்தி அந்த எண்ணை இன்றைக்கே ஒரு காகிதத்தில் எழுதிவைத்தால் அப்போது கைகொடுக்கும்.

சாவி நம்மிடமே இல்லாத பூட்டு ஒன்றும் உண்டு. தவணைக்கு வாங்கிய செல்லில் கடன் கொடுத்த நிறுவனம் ஒரு செயலியைப் பதிந்து, தவணை தவறினால் தூரத்திலிருந்தே பூட்டிவிடும் வழக்கம் பரவியிருந்தது. 2024-ல் ரிசர்வ் வங்கி அதை நிறுத்தச் சொன்னது. 2025 செப்டம்பரில், வாடிக்கையாளரின் முன் ஒப்புதல் வேண்டும், செல்லில் உள்ள சொந்தத் தகவலைத் தொடக்கூடாது என்ற நிபந்தனைகளோடு மறுபடி அனுமதிக்க அது யோசிப்பதாகச் செய்தி வந்தது. அடுத்த வேலைக்கான அழைப்பே செல்லில்தான் வருகிறது என்னும்போது, ஒப்பந்தத் தொழிலாளியின் செல்லைப் பூட்டுவது தவணை கட்டும் வழியையும் சேர்த்தே பூட்டுவது. முன் ஒப்புதல் என்பது கவுன்டரில் நீட்டும் காகிதத்தில் எத்தனையாவது கையெழுத்து என்றும் கேட்கவேண்டும்.

இதுவரை மறைப்பதைப் பற்றியே பேசினேன். மறைக்கவே கூடாத ஒன்று இருக்கிறது. 2005-ல் கேம்பிரிட்ஜ் நகரின் ஆம்புலன்ஸ் ஊழியர் பாப் பிராட்சி, அவசரத்தில் யாரை அழைக்கவேண்டுமோ அவர் எண்ணை 'ஐஸ்' (ICE) என்ற ஆங்கில மூன்றெழுத்துப் பெயரில் செல்லில் சேமித்துவையுங்கள் என்றார். உலகம் முழுக்கப் பரவிய யோசனை அது. பூட்டு வந்ததும் செத்துப்போனது, பூட்டிய செல்லுக்குள் இருக்கும் எண்ணை யார் எடுப்பது? அதனால்தான் 2014-ல் ஐபோனும் 2016-ல் ஆண்ட்ராய்டு 7-உம் பூட்டைத் திறக்காமலே பார்க்கக்கூடிய அவசரத் தகவல் பக்கத்தைக் கொண்டுவந்தன. இந்தியாவில் விற்கும் எல்லா செல்களிலும் அவசரப் பட்டன் வேண்டும் என்ற விதி 2017 ஜனவரி 1 முதல் இருக்கிறது. ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை அடுத்தடுத்து மூன்று முறை அழுத்தினால் 112-க்கு அழைப்புப் போகவேண்டும் என்பது அதன் சாரம். சில செல்களில் ஐந்து முறை. உங்களுடையதில் எத்தனை என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மாவட்டத்துக்கு அது வெறும் வசதி இல்லை. 2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. உயிர்ப்பலி இல்லாமல் போனது அதிர்ஷ்டம். பெட்டிகளில் இருந்தவர்கள் கர்நாடகத்திலிருந்து பீகாருக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். 2021 டிசம்பரில் பூந்தமல்லி பக்கம் விடுதியில் தங்கி ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டிய பெண்களுக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 159 பேர் மருத்துவமனைக்குப் போனபோது, யார் எங்கே இருக்கிறார்கள் என்று தோழிகளுக்குத் தெரியவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி செல்லுக்குச் செல் தாவியது. அவர்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் நாட்டுக்கே விஷயம் தெரிந்தது. உலகத்துக்கே பூட்டுத்திரை செய்து அனுப்பும் கைகள், பக்கத்து அறைக்காரி எங்கே என்று தெரியாமல் தவித்தன.

ஆகவே அவசரத் தகவலில் பெயர், ரத்த வகை, இரண்டு எண்கள் எழுதுங்கள். ஒரு எண் ஊரில் இருப்பவருடையது. இன்னொன்று இங்கேயே இருக்கும், தமிழ் தெரிந்த ஒருவருடையதாக இருக்கட்டும். ஒடிசாவிலோ ஜார்க்கண்டிலோ இருக்கும் அப்பாவுக்குப் பொன்னேரி அரசு மருத்துவமனையிலிருந்து தமிழில் போன் வந்தால் அவர் என்ன செய்வார்? தமிழ்நாட்டுக்காரர்கள் செய்யும் தவறு வேறு. ரயிலில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு செல்லை ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். திரையில் சிறுவாபுரி முருகன், அடியில் 'தொலைந்தால் அழைக்கவும்' என்று ஒரு பத்து இலக்க எண். பக்கத்தில் இருந்தவர் தன் செல்லிலிருந்து அந்த எண்ணுக்கு அடித்தார். என் கையில் இருந்த செல் மணியடித்தது.